ஒரே வினாத்தாள்



நம் நாட்டில் 2004-ல் ஒரு விதி வந்தது. உள்நாட்டில் 5 ஆண்டு பறந்து, 20 விமானமும் வைத்திருக்கும் நிறுவனமே வெளிநாட்டுக்குப் பறக்கலாம். ஆனால் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005-ல் தொடங்கியபோதே வளைகுடாவுக்குப் பறந்தது. அரசு நிறுவனத்தின் பிள்ளை அல்லவா! 2016-ல் 5 ஆண்டை நீக்கினார்கள். 20 விமானத்தை விடவில்லை. சில விமானங்களே உள்ள இலங்கையின் ஃபிட்ஸ்ஏர் சென்னைக்கு வரலாம். அதே அளவுள்ள நம் நிறுவனம் கொழும்புக்குப் போகக் கூடாதாம்.

பாதுகாப்பில் சிறியவருக்குச் சலுகை வேண்டாம். பராமரிப்பிலும் விமானிகளின் பணி நேரத்திலும் கண்டிப்பு இருக்கட்டும். தேர்வு கடினமாக இருக்கலாம். ஆளுக்கு ஒரு வினாத்தாள் கூடாது. விமானங்களை எண்ணிப் பார்ப்பது பாதுகாப்புச் சோதனை ஆகாது. போட்டி குறைந்தால் கூடுதல் கட்டணம் கொடுப்பது நாம்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?