சைலன்சர் புராணம்

"குழாயை மாற்று, மைலேஜ் கொட்டும்!"

இப்படி ஒரு கூச்சல் லாரிப் பட்டறைகளின் வாசலில் கேட்கிறது. பழைய லாரியா? சைலன்சரைக் கழற்றி எறி! அகலக் குழாய் மாட்டு, நேர்க்குழாய் மாட்டு! எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், டீசல் மிச்சமாகும், மிச்சமான டீசலில் பட்ட கடனும் தீரும்! கேட்கக் கேட்கக் காது குளிர்கிறது. மாட்டிய பிறகு அதே காது செவிடாகிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

கூவுகிறவர்மேல் நமக்குக் கோபமில்லை. கடை விரித்தவர் கூவத்தான் செய்வார். வாங்குகிறவர் யார் என்பதுதான் நம் கவலை. ஐம்பது புது லாரிகளை அணிவகுத்து நிறுத்தியிருக்கும் கம்பெனி முதலாளியா? அவருக்கென்ன, அவர் கணக்குப்பிள்ளை வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார். வாங்குகிறவர், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் ஒரே ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு, அதன் நான்கு மூலைக்கும் நான்கு கடன் வாங்கி, தானே ஓட்டி, தானே லோடு பிடித்து, தானே டயர் கழற்றி மாட்டும் தோழர். அவர் கையிலிருக்கும் சில ஆயிரம் ரூபாய் எங்கே போய் விழ வேண்டும் என்பது அவர் வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வி. ஆகவே எழுதுகிறோம்.

எஞ்சின் என்ன செய்கிறது? காற்றை இழுக்கிறது, அழுத்துகிறது, டீசலை எரித்து வேலை செய்கிறது, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. நான்காவது வேலையிலேதான் நம் குழாய் வருகிறது. புகை போகும் பாதை குறுகலாக இருந்தால் பிஸ்டன் முக்கித் தள்ள வேண்டும். முக்குவதற்கும் டீசல்தானே செலவு? இதைத்தான் பட்டறையில் பேக் பிரஷர் என்கிறார்கள். நாம் பின்னழுத்தம் என்போம். இதுவரை விற்பவர் சொல்வது உண்மை. உண்மையின் ஒரு முழத்தைக் காட்டித்தானே பொய்யின் ஒன்பது முழத்தை விற்க முடியும்!

எவ்வளவு டீசல் செலவு என்று கேளுங்கள். வாய் மூடிக்கொள்வார். நாம் கணக்குப் போடுவோம். பழைய டர்போ டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்குச் செய்தவர்கள் வைத்த வரம்பு, பாதரச அளவில் 3 அங்குலப் பின்னழுத்தம். அது காற்று மண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. லோடு ஏற்றி இழுக்கும் எஞ்சினிலோ பிஸ்டனைத் தள்ளி வேலை வாங்கும் சராசரி அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஆறேழு மடங்கு. ஆறேழு மடங்கு வரவில் பத்தில் ஒரு பங்கு செலவு! நூற்றுக்கு ஒன்றரை. தாராளமாக நூற்றுக்கு 2 என்றே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு இது 80 மீட்டர். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 250 லிட்டர் என்றால் மிச்சம் 5 லிட்டர். அதுவும், இருந்த பின்னழுத்தம் முழுவதும் ஒழிந்து சுழியமானால்! எந்தக் குழாயும் அதைச் சுழியமாக்காது. அகலக் குழாய்க்கும் வளைவு உண்டு, நீளம் உண்டு.

இன்னொன்று. ஓடும் புகை பாதியானால் குழாயின் எதிர்ப்பு பாதியாவதில்லை, ஏறக்குறைய கால்பங்காகிவிடுகிறது. ஆகவே மேட்டில் முழு லோடோடு ஏறும்போது தெரியும் ஆதாயம், சமதரையில் அமைதியாக ஓடும்போது இருக்கிற இடம் தெரியாது. லாரியின் வாழ்க்கையில் ஏற்காடு மலைப்பாதை எத்தனை மணி, நெடுஞ்சாலை எத்தனை மணி?

இந்தப் பேச்சு அமெரிக்க நாட்டிலே பழைய பேச்சு. அங்கே பிக்கப் வண்டி. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இரண்டு வரிசைப் புகையும் ஒரே குழாயில் நெருக்கியடித்துப் போகும் பழைய வண்டிகள் உண்டு. அதை இரட்டைக் குழாயாக்கினால் சீறிப் பாய்கிறது என்பார்கள். பாயட்டும். அது வார இறுதியில் ஒருவர் ஏறிச் சுற்றும் வண்டி. நம்முடையது சிமெண்டும் முட்டையும் மஞ்சளும் சுமந்து மாநிலம் மாநிலமாகப் போகும் வண்டி. அங்கேகூட இந்த ஆசை எங்கே போய் முடிந்தது? பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் முடக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2020-ல் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

"அப்படியானால் சைலன்சரைத் தொடவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். தொட வேண்டும் தோழர்களே! தொட வேண்டிய காரணம் வேறு. கல்லடிபட்டு நசுங்கிய குழாய், உள்ளே தகடு கழன்று விழுந்து வழியை மறித்த சைலன்சர், ஆண்டுக்கணக்கில் கரி படிந்து பாதி அடைபட்ட பாதை — இவை இருக்கும் வண்டியில் பின்னழுத்தம் வரம்பைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்குகூட ஏறும். அங்கே நூற்றுக்கு ஒன்றரை என்பது நூற்றுக்கு ஐந்து, ஆறு என்றாகிறது. புகை வெளியேறாத சிலிண்டரில் புதுக் காற்று நுழைய இடமேது? காற்றுக் குறைந்தால் டீசல் அரைகுறையாக எரியும். கரும்புகை கிளம்பும். கரும்புகை என்பது என்ன? எரியாமல் போன கரி. காசு கொடுத்து வாங்கிய டீசல், வேலை செய்யாமலே வெளிநடப்புச் செய்கிறது!

பலர் பார்க்காத திருடன் ஒருவன் உண்டு. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டிகளில் குழாய்க்குள் ஒரு மூடித் தகடு இருக்கும். இறக்கத்தில் அது மூடிப் புகையை மறித்து வண்டியை நிறுத்திப் பிடிக்கும். இறக்கம் முடிந்ததும் முழுவதும் திறக்க வேண்டும். கரி பிடித்து அது பாதியில் நின்றுவிட்டால்? சமதரையிலும் பிரேக் போட்டபடியே ஓடுகிறது லாரி! புதுக்குழாய்க்கு ஆயிரக்கணக்கில் கொடுக்குமுன் இந்தத் தகட்டைக் கையால் அசைத்துப் பார்த்தால் போதுமே!

டர்போ உள்ள வண்டிக்கு இன்னொரு சேதி. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் இடையே இருக்கும் மேனிபோல்டில் வெடிப்போ, கேஸ்கட்டில் கசிவோ இருந்தால், டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே கழன்றுகொள்கிறது. டர்போ சோர்கிறது, காற்றுக் குறைகிறது, மீண்டும் கரும்புகை. இதற்கு மருந்து ஒரு கேஸ்கட். பின்னால் எவ்வளவு அகலக் குழாய் மாட்டினாலும் இது தீராது.

மற்ற ஓட்டைகளையும் பாருங்கள். டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வேலையாகிறது; மிச்சம் புகையோடும் ரேடியேட்டரோடும் போய்விடுகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கைச் சூறையாட எத்தனை பேர்! காற்றுக் குறைந்த டயர், அடைத்துப்போன ஏர் பில்டர், தேய்ந்த நாசில், காலிபரேஷன் தவறிய பம்ப், உரசிக்கொண்டே ஓடும் பிரேக், படபடவென்று அடித்துக்கொள்ளும் தார்ப்பாய். வேகத்தையும் சொல்ல வேண்டும். 60-ல் போகிற லாரி 80-ல் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்குக்கு மேலாகிறது. புதுக்குழாய் ஒரு மாதத்தில் மிச்சம் பிடிப்பதை அவசர லோடு ஒரே இரவில் குடித்துவிடும்.

இனி, நம் நெஞ்சைச் சுடும் சேதி. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி ஒரு கணக்கு வைக்கிறார். குறைந்தால் டிரைவர் படியில் பிடித்தம்! பல இடங்களில் இது எழுதாத சட்டம். 4 கிலோமீட்டர் கணக்கு வைத்த வண்டி, சைலன்சர் அடைத்து 3.7 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 20 லிட்டர் அதிகம். லிட்டர் 90 ரூபாய் என்றால் 1,800 ரூபாய். "டீசலை விற்றுவிட்டாயா?" என்று கேள்வி வேறு! விற்றவன் யார்? நசுங்கிய குழாய். தண்டம் கட்டுகிறவன் யார்? இரவெல்லாம் கண் விழித்தவன். எஞ்சின் அவனுடையதா? இல்லை. குழாயை மாற்றும் அதிகாரம் அவனுக்குண்டா? இல்லை. பிடித்தம் மட்டும் அவனுடையது. இது என்ன நியாயம்?

சட்டமும் அவன் தலையிலேதான் விடிகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியைக் கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கிறது. 1989-ஆம் ஆண்டு விதிகளில் 120-ஆவது விதி சைலன்சர் கட்டாயம் என்கிறது. ஒலி, புகை வரம்பை மீறினால் 190-ஆவது பிரிவு. 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, ஓட்டுநர் உரிமத்துக்கும் 3 மாதத் தடை. குழாய் மாட்டச் சொன்னவருக்கு உரிமம் தேவையில்லை. அவர் பங்குக்கு அபராதம் கட்டிவிட்டுப் போவார். ஓட்டியவனுக்கு 3 மாதம் பிழைப்பே போகும்.

காது கதைக்கு வருகிறோம். நேர்க்குழாய் முழக்கத்துக்கு மேலே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவன் டிரைவர். செத்த செவி திரும்பாது. துருப்பிடித்து ஓட்டையான குழாய் கேபினுக்குக் கீழே கசிந்தால், எஞ்சினை ஓடவிட்டுப் படுத்துறங்கும் கிளீனர் பையனுக்கு மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவே எமன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூன் மாதம் வகைப்படுத்திவிட்டது. ஓட்டைக் குழாயை மாற்ற இந்த ஒரு காரணம் போதும். மைலேஜ் ஆசை காட்ட வேண்டியதில்லை.

2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் புகை வடிகட்டியும் யூரியாக் கரைசல் தெளிக்கும் ஏற்பாடும் குழாயோடு பிணைந்தவை. அவற்றை அறுப்பது பற்றிப் பேச்சே கூடாது. நாம் பேசுவது அவையெல்லாம் இல்லாத பழைய வண்டிகளை.

பழைய லாரிக்காரர் ஏன் இந்தப் புராணத்தை நம்புகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாறும் ஏற்பாடு வந்தது. 2020 மே மாதம், உலகில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்த வேளையில், மத்திய அரசு டீசல் மீதான வரியை லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றியது. 2021 நவம்பரில் 10 ரூபாயும், 2022 மே மாதம் 6 ரூபாயும் குறைத்தது. ஒரே உத்தரவில் லிட்டருக்கு 13 ரூபாய் பறிகொடுத்தவர், 80 மீட்டர் தரும் குழாயைக் கடவுள் என்று கும்பிடாமல் என்ன செய்வார்? முழுகுகிறவன் கைக்குத் துரும்பும் தோணிதான்.

ஆகவே கேட்கிறோம். டர்போவுக்குப் பின்னால் குழாயில் ஒரு சிறு துளையிட்டு, மரை போட்டு, அளவுமானியைப் பொருத்தி, எஞ்சினை முழு வேகத்தில் இழுக்கவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். பார்த்தபின் துளைக்குத் திருகு மூடி. வேலை முடிந்தது! வரம்புக்குள் முள் நின்றால் குழாய்ப் பணத்தைப் பம்புக்கும் டயருக்கும் செலவிடுங்கள். வரம்பு தாண்டினால் கம்பெனி அளவிலேயே புதுச் சைலன்சர் மாட்டுங்கள். அகலக் குழாயும் வேண்டாம், அலறும் குழாயும் வேண்டாம். ஒற்றை லாரிக்காரர் தனித்தனியே அளவுமானி வாங்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் உரிமையாளர் சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு ஒன்று வாங்கி, ஏர் பில்டர் மாற்ற வரும் வண்டிக்கெல்லாம் பார்த்து எழுதித் தரலாம். தொழிலாளர் சங்கத் தோழர்கள் அடுத்த படிப் பேச்சுவார்த்தையில் இதையும் மேசைமேல் வைக்க வேண்டும்: முள் எங்கே நின்றது என்ற சீட்டைக் காட்டாமல், மைலேஜ் குறைந்ததென்று டிரைவர் படியில் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது.