மொழி தெரியாத நிபுணர்கள்

ஒரு நாட்டைப் பற்றி மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அந்த நாட்டுச் செய்தித்தாளில் ஒரு பத்தி வாசிக்கத் தெரியாது. இந்தப் பட்டத்தை என்னவென்று சொல்வது? நான் மோசடி என்பேன்.

இளங்கலையில் நான் எடுத்தது தென்கிழக்காசியப் பிராந்திய ஆய்வு, அதாவது ஏரியா ஸ்டடீஸ். ஊரில் சொன்னால், "ஏரியாவா? நிலம் அளக்குற படிப்பா தம்பி?" என்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை கிடைக்குமா என்று கேட்பது வீட்டாரின் உரிமை. என் கோபமெல்லாம் துறையை நடத்துகிறவர்கள்மேல்தான். நான் படித்த இடத்தில் உலகமயமாதல், அடையாளம், எல்லைகள் பற்றிய கோட்பாட்டு வகுப்புகள் கட்டாயம். இந்தோனேசிய மொழி விருப்பப் பாடம். 1965-66 இந்தோனேசியப் படுகொலைகள் பற்றி, அந்த மொழியில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் ஆய்வேடு எழுதி முதல் வகுப்பு வாங்கியவர்கள் உண்டு. மாணவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். விதி அதை அனுமதித்தது.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: இந்தத் துறையே அதிகாரத்தின் பிள்ளை, மொழிப் பயிற்சி என்பதே ஆள்வதற்கான கருவி, நமக்கு வேண்டியது விமர்சனப் பார்வை. இதில் பாதி உண்மை. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. பதறிப்போன அமெரிக்கா 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து அந்நிய மொழிகளுக்குப் பணத்தைக் கொட்டியது. யாரும் இலக்கிய ஆசையில் கொட்டவில்லை. எட்வர்ட் சையத் 1978இல் 'ஓரியண்டலிசம்' நூலில் குற்றம்சாட்டிய அறிஞர்களில் பலர் அரபியை நன்றாகவே படித்தவர்கள். ஆக, மொழி தெரிந்தால் மட்டும் மனசு சுத்தமாகிவிடாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மொழி தெரியாதது எந்த அதிகாரத்தைத் தடுத்திருக்கிறது? தனக்கு சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று 1835ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்பில் மெக்காலே தானே எழுதிவிட்டு, அதே குறிப்பில் அந்த இலக்கியங்களுக்குத் தீர்ப்பும் சொன்னார். அறியாமைக்கும் ஆணவத்துக்கும் பகை ஒன்றும் கிடையாது.

மறுபக்கம் பெனடிக்ட் ஆண்டர்சன். அவர் படித்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் இந்தோனேசிய ஆய்வுகளும் அதே பனிப்போர்க் காலத்தில், ஃபோர்டு அறக்கட்டளைப் பணத்தில் வளர்ந்தவைதான். அங்கே மொழி கற்றவர், 1966இல் ரூத் மக்வேயுடன் சேர்ந்து இந்தோனேசியச் செய்தித்தாள்களைத் தோண்டி ஓர் அறிக்கை எழுதினார். 1965 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பின்னால் இருந்தது கம்யூனிஸ்ட் சதி என்று ராணுவம் சொன்ன கதையை அது கேள்வி கேட்டது. ராணுவத்தின் உட்பூசல் என்றது. விளைவு, பின்னாளில் அவருக்குத் தடை விதிக்கப்பட்டு, சுஹார்த்தோ ஆட்சி வீழும்வரை அந்நாட்டுக்குள் போக முடியவில்லை. அவர் முடங்கிவிடவில்லை. தாய்லாந்து மொழி கற்றார், பிறகு தகாலோக் கற்றார். அவருடைய விமர்சனப் பார்வை வாசிப்பிலிருந்து வந்தது.

ஒரு மொழி போதும் என்றும் நான் சொல்லவில்லை. இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுத்த கல்வெட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409 தேதியிட்ட அந்தக் கல்லைக் கொண்டுவந்தது சீனத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கு. காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே, கடவுள்தான் வேறு. சீனம் மட்டும் தெரிந்தவர் ஒரு பௌத்தப் பேரரசைப் பார்ப்பார். தமிழ் மட்டும் தெரிந்தவர் நம் சாமிக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால்தான் ஒரே துறைமுகத்தில் மூன்று விதமான வணிகர்களிடமும் நல்ல பெயர் எடுக்கப் பார்த்த அரசியல் தெரியும். எந்தக் கோட்பாட்டு வகுப்பும் இதை உங்களுக்குப் படித்துக்காட்டாது.

அப்புறம் ஏன் மொழியைக் கைவிடுகிறார்கள்? காசுதான். கோட்பாட்டு வகுப்புக்கு ஒரே அரங்கில் இருநூறு பேரை உட்கார வைக்கலாம். மொழி வகுப்பில் ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பதினைந்து பேர், அதுவும் தினமும். கணக்குப் பார்க்கும் நிர்வாகத்துக்கு இது வீண்செலவு. அந்தச் செலவைக் குறைப்பதற்குத்தான் முற்போக்கு வசனம் முகமூடியாகிறது.

பிராந்தியப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளே, தாராளமாகச் சேருங்கள். அதைவிட நல்ல படிப்பு எனக்குத் தெரியாது. ஆனால் கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். முதல் வருடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு? அந்த மண்ணிலிருந்து வந்து பாடம் நடத்துகிறவர் யாராவது இருக்கிறாரா, அல்லது அவர்கள் பாடப்பொருள் மட்டும்தானா? அந்த மொழி ஆதாரம் இல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவீர்களா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் விற்பது சுற்றுலா. அதற்கு மூன்று வருடம் எதற்கு? ஒரு வாரம் போதும்.