ஐந்து பொத்தகங்களும் ஒரு கண்மாயும்

தொடக்கப் பள்ளியின் இறுதிப் படி ஐந்தாம் வகுப்பு. அதனைப் பற்றி ஆழ்ந்து பேசுவார் நம் நாட்டில் அரியர். பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண்களைத் தாளிகைகள் பக்கம் பக்கமாக அளந்து காட்டும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எதனைக் கற்றுக்கொண்டு வெளியேறுகின்றது என்று கேட்பாரில்லை. அடித்தளத்தை நோக்காமல் மாடத்தை அண்ணாந்து பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது.

அண்மைக் காலத்தில் ஒருமுறை அவ்வகுப்பு நாட்டின் பேச்சாயிற்று. 2019 செப்தம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழ்நாட்டரசு அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தனர். 2020 பிப்பிரவரி 4ஆம் நாள் அவ்வறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. பத்து அகவைப் பிள்ளையைப் பொதுத்தேர்வுக் கூடத்தில் நிறுத்தாமல் விட்டது நன்றே. ஆயினும் தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்பதோடு அன்றைய பேச்சு நின்றுவிட்டது. என்ன கற்கின்றனர், எம்மொழியில் கற்கின்றனர் என்னும் வினாக்கள் பின்தங்கிப் போயின. அவ்வினாக்களை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் நின்று இங்கு எழுப்புகின்றோம்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடங்கள் ஐந்து: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், குமுக அறிவியல். 2012-13இல் முப்பருவ முறை வந்தபின் ஆண்டுப் பாடம் மூன்று கூறாயிற்று. 2019-20இல் இவ்வகுப்புக்குப் புதிய பொத்தகங்கள் வந்தன. 2023-24இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. கணக்கில் வடிவியல், எண்கள், அளவைகள், பின்னங்கள். அறிவியலில் உடலுறுப்பு மண்டலங்கள், பருப்பொருள், ஆற்றல், உணவு, வேளாண்மை. குமுக அறிவியலில் நிலவுலகம், வரலாறு, குடிமை. பத்து அகவைக்கு இது நிறைந்த உணவே. குறை உணவில் இல்லை; படைக்கும் முறையில் உள்ளது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் அறிவியலும் கணக்கும், குமுகவியல், மொழிகள் ஆகிய ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும் என்று அது வரையறுக்கின்றது. ஒன்று முதல் ஐந்து வரை அவ்வாறு பகுக்கவில்லை. 60 பிள்ளைகள் வரை இருவர், 90 வரை மூவர் என்று தலைக்கணக்கு மட்டுமே கூறுகின்றது. இதன் பொருள் யாது? எல்லாப் பாடமும் ஓர் ஆசிரியர் கையில் இருக்கும் இறுதி ஆண்டு ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டில் அது பங்கு பிரிக்கப்படும். ஆகலின், ஐந்து பாடங்களும் ஒரே அறிவின் ஐந்து பக்கங்கள் என்பதைப் பிள்ளை உணர வேண்டிய இடம் இதுவே. இங்குத் தவறவிட்டால் பின்னர் உணர்த்துவார் இலர்.

ஆயின் நடப்பது என்ன? ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஒரே கரும்பலகை. ஆனால் மணியடித்தவுடன் ஒரு பாடத்தை மூடி மறுபாடத்தைத் திறக்கின்றோம். முன்னதற்கும் பின்னதற்கும் உறவே இல்லை என்பதுபோல் பிள்ளையும் பொத்தகத்தோடு நினைவையும் மூடி வைத்துவிடுகின்றது.

நம் வட்டாரத்துச் சிற்றூரில் பள்ளிக்கு அருகே ஒரு கண்மாய் இருக்கும். அதன் கரைமீது நின்றால் ஐந்து பாடமும் கண்முன் கிடக்கும். உள்வாய், மடை, கலுங்கு, மறுகால், வரத்துக்கால் என்னும் சொற்கள் தமிழ்ப் பாடம். கோடையில் நீர் வற்றுவதும், கரிசல் வெடிப்பதும், மழையில் அம்மண் ஊதிப் பருத்து ஈரத்தைப் பிடித்துக்கொள்வதும் அறிவியல். 10 எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நீர் நின்றால் எத்தனை இலிட்டர் என்பது கணக்கு. விடை 10 கோடி. எந்த மடையில் எவர்க்கு முதல் நீர், கரை உடைந்தால் எவர் பொறுப்பு என்பன குடிமைப் பாடம். குண்டாற்றங்கரையில் திருச்சுழி ஊர் எழுந்தது ஏன், சுந்தரர் அங்கு வந்து பாடியது எக்காலம், அண்டையிலுள்ள பள்ளிமடத்துக் கோயிற் கல்வெட்டுகள் எவ்வரசர் காலத்தன என்பன வரலாறு. இவற்றையெல்லாம் தமிழில் உணர்ந்த பிள்ளை, அவற்றுள் பத்துச் செய்திகளை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுமாயின் ஐந்தாம் பாடமும் நிறைவுறும். 

அண்மையில் இவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஆங்கில வழிப் பிரிவுப் பிள்ளை ஒன்றைக் கண்டேன். நீர் ஆவியாதலுக்குரிய வரையறையை ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பிறழாமல் ஒப்பித்தது. “சித்திரையிலே நம்ம கண்மாய் ஏன் வத்துது?” என்று கேட்டேன். “வெயில் தண்ணியக் குடிச்சிருது ஐயா” என்றது. இரண்டு விடையும் சரியே. இரண்டும் ஒன்றுதான் என்பது மட்டும் அப்பிள்ளைக்குத் தெரியவில்லை. தான் ஒப்பித்தது ஏதோ வேற்றுலகத்து நீரைப் பற்றியது என்றும், தான் கண்டது பாடத்தில் சேராதது என்றும் அது எண்ணிக்கொண்டிருந்தது. தன் கண்ணால் கண்ட உண்மையை அறிவென்று மதிக்காத பிள்ளை, நாளை எதனை ஆராயும்? எதனைப் புதிதாகக் காணும்?

பின்னத்தை எடுத்துக்கொள்வோம். 1/8 என்பதை ‘எட்டில் ஒன்று’ என்று கற்பிக்கின்றோம். ஆங்கில வழியில் அதுவுமில்லை. நம் முன்னோர் அதனை அரைக்கால் என்றனர். காலில் அரை எட்டில் ஒன்று என்னும் பின்னப் பெருக்கல் அப்பெயரிலேயே அடங்கிக் கிடக்கின்றது. மா என்பது 1/20, கால்மா 1/80, அதுவே காணி. காணியிற் காற்பங்கு 1/320, அதுவே முந்திரி. 1958இல் தொடங்கிப் பதின்முறை அளவைகள் நடைமுறைக்கு வந்தது நன்மையே. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. பழைய பெயர்கள் நான்கைக் கரும்பலகையில் எழுதினால் புதிய கணக்கு விரைந்து விளங்கும் என்றே சொல்கின்றோம்.

சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, காற்றுக் குறைந்தால் விறகு சாம்பலாகாமல் கரியாகும் என்பதைக் கற்பிக்கச் செய்கலம் வேண்டா. அருப்புக்கோட்டைத் தறிவீட்டுப் பிள்ளைக்கு இழையெண்ணிக் கணக்குச் சொல்லத் தனிப் பயிற்சி வேண்டா. அத்தறியே நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. பாவு நீள நிற்கும். ஊடை குறுக்கே ஓடும். ஐந்து பாடங்களில் தமிழும் ஒன்று என்று எண்ணுவது பாவையும் ஓர் ஊடையென்று எண்ணுவதாகும். தாய்மொழி பாவு, ஏனைய பாடங்கள் ஊடை. பாவு அறுந்த தறியில் ஊடை எதனைப் பற்றி நிற்கும்?

சட்டம் இவ்வேறுபாட்டை எவ்வாறு நடத்திற்று? 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. ஆனால் பயிற்றுமொழியின் நிலை வேறு. தொடக்க வகுப்புகளில் தமிழையோ தாய்மொழியையோ பயிற்றுமொழியாக்க 1999இல் தமிழ்நாட்டரசு இட்ட ஆணையை 2000இல் சென்னை உயர் வழக்குமன்றம் நீக்கிற்று. தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியை அரசு வற்புறுத்த இயலாதென்று 2014இல் கருநாடக வழக்கில் உச்ச வழக்குமன்றமும் தீர்ப்பளித்தது. இதற்கிடையில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தமிழ் பாடமாக வாழ்கின்றது, வழியாகத் தேய்கின்றது.

ஆங்கில வழியை நாடும் பெற்றோரை இகழ்தல் அறமன்று. மழையை நம்பி விதைத்து ஏமாந்தவரும், தறிக்கூலியில் வயிறு கழுவுபவரும், தம் பிள்ளையேனும் இப்புழுதியினின்று தப்பட்டும் என்று எண்ணுவது இயல்பு. அவர்தம் அச்சம் மெய். அவர்க்குக் காட்டப்பட்ட வழியே பொய். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிப்பது வேறு. விளங்காத மொழியில் கணக்கையும் அறிவியலையும் திணிப்பது வேறு. தாய்மொழியில் கற்பித்தலே தக்கதென்று 1953இலேயே யுனெசுகோ அறிஞர் குழு உலகுக்கு எடுத்துரைத்தது. அது தமிழ்ப்பற்றாளர் கூற்றன்று.

நம் இயக்கத்தார்க்கும் ஒரு சொல். கலைச்சொல்லைத் தூய தமிழில் ஆக்கிவிட்டால் கடமை முடிந்ததென்று இருத்தல் ஆகாது. பொருள் உணராமல் தூய தமிழ் வரையறையை ஒப்பிக்கும் பிள்ளைக்கும், ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு சிறிதே. உழவரும் நெசவரும் கண்மாய் காப்பாரும் வழங்கும் சொற்கள் ஆயிரம் இருக்க, அவற்றை நாடாமல் அகரமுதலிகளை மட்டும் புரட்டிக்கொண்டிருப்பது, ஊற்றை விட்டுக் குடத்தைத் தோண்டுவதாகும்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தொடக்கப் பள்ளியில் தலைக்கணக்குப் பாராமல் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஐந்து வகுப்புகளை இருவர் மேய்க்கும் நிலையில் எப்பாடமும் இணையாது. இரண்டாவது, ஒவ்வொரு வட்டாரத்து ஆசிரியரும் கூடி, அம்மண்ணின் சொற்களையும் தொழில்களையும் நீர்நிலைகளையும் ஐந்து பாடங்களோடு பொருத்திக் காட்டும் துணைநூல் ஒன்றைத் தொகுத்தல் வேண்டும். இதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டா. மூன்றாவது, ஐந்தாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர்க் கண்மாயைப் பற்றியோ தறியைப் பற்றியோ, கணக்கும் காரணமும் காட்டிக் கால்மணி நேரம் தன் மொழியிற் பேசுதல் வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டா. கேட்கப் பெற்றோரும் ஊராரும் வந்தாற் போதும். தம் பிள்ளை தமிழிற் கற்றது அறிவுதான் என்பதை அன்று அவர்களே காதாரக் கேட்பர்.

திருச்சுழி வட்டாரத்து ஆசிரியத் தோழர்களே, ஐந்து பொத்தகங்களும் ஓராண்டுக்கே நும் கையில் உள. பிரித்து அனுப்புமுன் அவற்றை ஒன்றாகத் தைத்துக் கொடுங்கள்.