யூரின் டியூப் போட்டு எத்தனை நாள் ஆச்சு? நர்சிங் ஹோம் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டியது என்ன?

அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. இருந்தாலும் சீரியஸ் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஆம்புலன்ஸ் கிளம்புவது இரண்டு மாவட்டங்களுக்கும் பழகிய விஷயம்தான்.

அப்படி ஒரு நர்சிங் ஹோமில் இருந்து வயதான நோயாளி ஒருவர் ரெஃபர் செய்யப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல், குளிர் நடுக்கம். யூரின் டியூப் போட்டிருக்கிறது. "டியூப் போட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்று டாக்டர் கேட்கிறார். கூட வந்த மகனுக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டிலும் இல்லை.

இந்த ஒரு தேதி அவ்வளவு முக்கியமா? ஆமாம். கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே கிருமி இருக்கும். அதனால்தான், டியூப் போட்டு 2 வாரம் தாண்டிய நிலையில் தொற்று வந்தால், டியூபை மாற்றிவிட்டு புதியதில் இருந்து சாம்பிள் எடுக்கச் சொல்கிறது அமெரிக்க தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2009 வழிகாட்டுதல். பழைய டியூபில் எடுத்தால், அதன் உட்புறம் படிந்த கிருமி ரிப்போர்ட்டில் வந்து, தேவையில்லாத ஆன்டிபயாடிக் ஏற வாய்ப்பு உண்டு.

சரி, என்னதான் எழுத வேண்டும்? எதற்காகப் போட்டது, தேதி, நேரம், போட்டவர் யார், டியூப் சைஸ், பலூனில் எத்தனை மில்லி தண்ணீர், ஒவ்வொரு ஷிப்டிலும் எவ்வளவு சிறுநீர் வந்தது, நிறம் எப்படி. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று, 'இன்னைக்கும் டியூப் தேவையா?' என்ற கேள்விக்கு தினமும் ஒரு பதில். அதை எழுதாத இடத்தில்தான், எடுக்க வேண்டிய டியூப் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். 'கதீட்டர் கேர் கொடுக்கப்பட்டது' என்று மூன்று ஷிப்டுக்கும் ஒரே வரியை எழுதி வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நைட்டில் ஒரே நர்ஸ் மொத்த வார்டையும் பார்க்கும் இடத்தில் நர்ஸை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. டிக் அடித்தால் போதும் என்கிற மாதிரி ஒரு சார்ட்டை நிர்வாகம் அச்சடித்துக் கொடுக்கலாம்.

நோயாளி தரப்புக்கு உரிமையும் இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால், போட்ட தேதியையும் அடுத்து மாற்றவோ எடுக்கவோ வேண்டிய தேதியையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை உண்டு. வீட்டுக்கு வரும் நர்ஸ் முதலில் கேட்பதும் அந்தத் தேதியாகத்தான் இருக்கும்.