விற்கக் கொடுத்த ஓவியம்

பழைய ஓவியம் ஒன்றை விற்க எண்ணும் குடும்பத்தார் கலைக்கூடத்துக்குச் சென்றதும் பெரும்பாலும் விலையைத்தான் கேட்கிறார்கள் என்றாலும், மதிப்பீட்டாளர் முதலில் விடை காண முயல்வது அந்தப் பொருள் எது என்ற கேள்விக்கே. செட்டிநாட்டு வீடுகள் முதலான பழைய இல்லங்களின் சுவர்களில் தொங்கும் ரவிவர்மா படங்கள் இதற்குத் தக்க சான்று. ரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் அச்சகம் ஒன்றைத் தொடங்கி, தம் எண்ணெய் வண்ண ஓவியங்களை ஓலியோகிராஃப் எனப்படும் கல்லச்சுப் படங்களாக, அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் உருவெழுதி ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றியெடுத்து வார்னிஷ் பூசிய படங்களாக, ஏராளமாக வெளியிட்டார். லட்சுமியும் சரஸ்வதியும் எளியவர்களின் பூசையறைக்கும் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

சட்டத்திலிருந்து கழற்றிய படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைக்கும்போது, லட்சுமியின் கன்னம் நுண்ணிய வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது அச்சுப்படம். தூரிகை இழுத்த மேடுகளும், வண்ணப்பூச்சில் காலப்போக்கில் ஓடிய மயிரிழை வெடிப்புகளும், அடியில் துணியின் நெசவும் தென்பட்டால் அது எண்ணெய் ஓவியமாக இருக்கலாம். ஆயினும் அதை ரவிவர்மாவே தீட்டினாரா, அவருடைய படத்தைப் பார்த்து வேறொருவர் தீட்டினாரா என்ற வினா அப்போதும் எஞ்சி நிற்கும். மூலையில் கையொப்பம் இருப்பதே போதுமென்று நம்புவோர் பலர். மூல ஓவியத்திலிருந்த கையொப்பமும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும் என்பதும், அச்சகத்தின் பெயர் தாங்கிய கீழ் ஓரத்தைப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவர் வெட்டியிருக்கக்கூடும் என்பதும் அவர்கள் அறியாதவை. அச்சுப்படம் என்று தெரிந்தவுடன் அதைப் பரணில் எறிவது பெரும் பிழை; தேவியின் சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் வைத்து அந்நாளைய பெண்கள் அலங்கரித்த படங்கள் கலை வரலாற்றின் அரிய சான்றுகள்; சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

ஓவியம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்பதைக் காட்டும் உடைமை வரலாறும் விலையைத் தீர்மானிக்கிறது. ஆதலால் பழைய ரசீதும், கடிதமும், பின்சுவரில் அந்த ஓவியம் தெரியும் கல்யாணப் புகைப்படமும் உடன் எடுத்துச் செல்லத் தக்கவை. காப்பீட்டுக்கான மதிப்பு, அதே தரத்தில் வேறொன்றை வாங்க ஆகும் செலவைக் குறிப்பதால், விற்றால் கைக்கு வரும் தொகையைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். மதிப்பிட்டவரே அந்த ஓவியத்தை வாங்கிக்கொள்ள முன்வந்தால், வேறொருவரிடமும் மதிப்புக் கேட்பதே முறை.

மதிப்புத் தெரிந்த பின் ஓவியத்தை விற்கக் கொடுக்கும் வழிகளில் ஒன்றான கன்சைன்மென்ட் என்பது, உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, விற்றுத் தரும் பொறுப்பை மட்டும் உடைமையாளர் கலைக்கூடத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு; விற்ற பின் கூடம் தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. வாய்ப்பேச்சில் முடிக்கப்படும் இடங்களில்தான் இதில் பெருந்துன்பம் விளைகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 24ஆம் பிரிவில், ‘விற்பனை அல்லது திருப்பித் தருதல்’ என்ற நிபந்தனையில் பெற்ற பொருளை மறுப்புத் தெரிவிக்காமல் குறித்த காலத்துக்கு மேல் ஒருவர் வைத்துக்கொண்டால் உரிமை அவருக்கே மாறும் என்கிறது. வாய்ப்பேச்சு ஏற்பாடும் அத்தகையதாகக் கொள்ளப்பட்டு உரிமை மாறினால் உடைமையாளருக்கு எஞ்சுவது விலையைக் கேட்டு நிற்கும் நிலை மட்டுமே. எனவே, கூடம் முகவராக மட்டுமே செயல்படுகிறது என்பதும், விற்பனை முடியும்வரை உரிமை மாறாது என்பதும், எந்தத் தொகைக்குக் கீழே விற்கலாகாது என்பதும், கழிவும், காப்பீட்டைக் கட்டுபவர் யார் என்பதும் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

ரவிவர்மாவின் படைப்புகள் 1979இல் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி அவருடைய மூல ஓவியங்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே விற்க வழியில்லை. எனினும் 2023இல் மும்பை ஏலம் ஒன்றில் அவருடைய ‘யசோதையும் கிருஷ்ணனும்’ 38 கோடி ரூபாய்க்கு விலைபோனது.