வேகத்தை அல்ல, கட்டுப்பாட்டை வாங்குங்கள்

எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் காற்று போகும் வழியைச் செதுக்கிச் சீராக்கும் போர்ட்டிங் வேலையை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள், முதலில் கிரைண்டரின் வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது, வேகத்தைக் குறைக்க முடியுமா என்பதை. நீண்ட தண்டுள்ள கார்பைடு பர்ரை (கிரைண்டரில் மாட்டும் வெட்டுமுனை) நிமிடத்துக்கு 25,000 சுற்றில் வெறுமனே ஓடவிட்டால் தண்டு வளைந்துவிடலாம். பர் துள்ளினால், வால்வு அமரும் சீட்டில் கீறல் விழும். அழுத்தக் காற்றில் ஓடும் ஏர் கிரைண்டர் லேசானது, கைக்கு அடக்கம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது இழுக்கும் காற்றுக்கு வீட்டுச் சிறு கம்ப்ரசர் ஈடுகொடுக்காது. வேகம் மாற்றக்கூடிய மின் கிரைண்டரே போதும். மிச்சப் பணத்தைப் பர்ரில் போடுங்கள்: அலுமினியத்துக்கு அகலப் பள்ளமுள்ள ஒற்றை வெட்டு, வார்ப்பிரும்புக்கு இரட்டை வெட்டு. இரும்புக்கானதை அலுமினியத்தில் வைத்தால், பல்லிடுக்கில் உலோகம் அப்பிக்கொண்டு வெட்டாமல் தேய்க்கும். காற்று உள்ளே வரும் இன்டேக் வழியை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கும் சாமான்கள் வேண்டாம் (அவை கண்ணுக்கு மட்டுமே அழகு). 80 கிரிட் உப்புத்தாள் சுருள் போதும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.