விடியற்காலை மூச்சும் மதியான வைத்தியமும்

"ராத்திரி முழுக்க இழுப்பு. உட்கார்ந்தபடியே விடிந்தது" என்று பகல் பதினோரு மணிக்கு ஒருவர் டாக்டரிடம் முறையிடுகிறார். டாக்டர் குழலை வைத்து மார்பைப் பரிசோதிக்கிறார். விசில் சத்தம் கேட்கவில்லை. எக்ஸ்ரேயிலும் கோளாறு இல்லை. "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்று இருமல் மருந்து எழுதிக் கொடுக்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நோயாளி சொல்வது விடியற்காலை நுரையீரலைப் பற்றி. டாக்டர் பார்ப்பதோ பகல் நேரத்து நுரையீரலை. இந்த வித்தியாசத்தை நம் ஆஸ்பத்திரிகள் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதே நமது குறை.

கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோல நுரையீரலுக்கும் உண்டு. மூச்சுக் குழல்கள் மாலை 4 மணி வாக்கில் நன்றாக விரிந்திருக்கும். விடியற்காலை 4 மணி வாக்கில் சுருங்கியிருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு இது தெரியவே தெரியாது. 1980-இல் பிரிட்டனில் ஹெட்செல், கிளார்க் என்ற இரு டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ஊதும் வேகத்தில் ஒரு நாளில் ஏற்படும் ஏற்ற இறக்கம் சாதாரண மனிதர்களுக்குச் சராசரியாக 8 சதவீதம்தான். அவர்கள் பார்த்த ஆஸ்துமா நோயாளிகளுக்கோ அது 51 சதவீதம்! பகலில் மாடிப்படி ஏறும் மனிதர் இரவில் தண்ணீர் எடுத்துவர எழுந்திருக்க முடியாமல் தவிப்பதன் காரணம் இதுதான்.

இதற்குக் காரணங்கள் பல. இரவில் மூச்சுக் குழலின் வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் சுரப்பு குறைகிறது. குழல்களை விரித்து வைக்கும் அட்ரினலினும் குறைகிறது. அவற்றைச் சுருக்கும் நரம்பின் கை ஓங்குகிறது. படுத்த நிலை, தலையணைத் தூசி, குளிர்காற்று ஆகியவை இதோடு சேர்ந்துகொள்கின்றன. இவை இல்லாவிட்டாலும் உடலின் உள் கடிகாரமே மூச்சைக் குறைக்கிறது என்பதை 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 17 ஆஸ்துமா நோயாளிகளை வெளியுலக நேரம் தெரியாத ஆய்வறையில் வைத்து அதைக் கண்டறிந்தார்கள்.

இரவில் இழுப்பு வரும் என்பது புதுச் செய்தியும் அல்ல. தாமே ஆஸ்துமாக்காரரான சர் ஜான் பிளாயர் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1698-லேயே இதை எழுதி வைத்தார். 1988-இல் டாக்டர் மார்கரெட் டர்னர்-வார்விக் பிரிட்டனில் 7,729 ஆஸ்துமா நோயாளிகளிடம் விசாரித்தபோது, 74 சதவீதம் பேர் வாரத்தில் ஓர் இரவாவது இழுப்பால் விழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

பெங்களூர்வாசிகளான நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். இந்நகரின் டாக்டர் எச். பரமேஷ், தம் ஆஸ்பத்திரிக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளை இருபது ஆண்டுகள் கவனித்துக் கணக்கெடுத்தார். 1979-இல் அவர்களில் 9 சதவீதமாக இருந்த ஆஸ்துமா 1999-இல் 29.5 சதவீதமாகியிருந்தது. வாகனப் புகையும் மகரந்தமும் மார்கழிக் குளிரும் சேர்ந்த ஊர் இது. விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கும் முதல் ஷிப்டுக்கும் போகிறவர்கள், மூச்சு மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் குளிர்காற்றில் இறங்குகிறார்கள்.

பரிகாரம் உண்டா? உண்டு; அதற்குப் பெரிய செலவும் இல்லை. மார்ட்டின் ரைட் என்ற பிரிட்டிஷ் நிபுணர் 1950-களில் உருவாக்கிய 'பீக் ஃப்ளோ மீட்டர்' இன்று கையடக்கமான பிளாஸ்டிக் குழலாகக் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய். மின்சாரம் தேவையில்லை. எழுந்தவுடன் மூன்று முறை, மாலையில் மூன்று முறை பலமாக ஊதி, ஒவ்வொரு வேளையிலும் உயர்ந்த அளவை நோட்டில் எழுத வேண்டும். காலையில் 300, மாலையில் 400 என்றால் வித்தியாசம் 100. சராசரியான 350-இல் அது சுமார் 29 சதவீதம். இரண்டு வாரக் கணக்கின் சராசரி பெரியவர்களுக்கு 10 சதவீதத்தையும் குழந்தைகளுக்கு 13 சதவீதத்தையும் தாண்டினால் அது அளவுக்கு மீறிய ஏற்ற இறக்கம் என்கிறது 'ஜினா' என்னும் சர்வதேச வழிகாட்டி.

"வெளிநோயாளிகள் வரிசை வாசல்வரை நிற்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊதுவதும் எழுதுவதும் நோயாளியின் வேலை. டாக்டர் அந்த நோட்டைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஊதும் பலத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதும் உண்மை. அதனால் இது ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு மாற்றாகாது. அதற்குத் துணை நிற்கும். ஊதும் முறையைச் செவிலியர் ஒரு முறை கற்றுக் கொடுத்தால் போதும். சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இந்த மீட்டரை இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுக்கலாம். 'இரவில் விழிக்கிறீர்களா, எத்தனை மணிக்கு?' என்ற கேள்வியை ஓ.பி. சீட்டிலேயே அச்சடிக்கலாம்.

நம் பங்கும் இருக்கிறது. டாக்டரிடம் வெறுமனே "மூச்சு வாங்குகிறது" என்று சொல்லி நிறுத்தக் கூடாது. நேரத்தைச் சொல்ல வேண்டும். கன்னடத்தில் "பெளகின ஜாவ உப்பஸ பருத்தெ" என்றால் விடியற்காலை இழுப்பு என்று விளங்கிவிடும். இரவு மூச்சுத் திணறல் இதய நோயாலும் வரலாம் என்பதால் சுயவைத்தியம் ஆகாது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து, டாக்டர் கொடுத்ததைப் பாதியில் நிறுத்துவது பெரிய அபாயம். மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்துவதும் அப்படியே. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகள்களை வெளியிடுகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொசுவலை இருக்க இந்தப் புகை எதற்கு? ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.

"பகலில் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்ற பேச்சை வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் இழுப்புக்காரர்கள் கேட்டுச் சலித்துவிட்டார்கள். பகலில் நன்றாக இருப்பது இந்த நோயின் இயல்பு. அதை நடிப்பு என்று நினைப்பது நம் அறியாமை. இரவு நேரத்துக் கஷ்டத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வைத்தியம்தான் இவர்களுக்கு நிம்மதியான தூக்கத்தைத் தரும்.